நட்டு ஐந்து வாரம் ஆகிறது, ராஸ்பெர்ரி இன்னும் குச்சியாகவே நிற்கிறது

கொல்லைப்பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். கத்தரி, தக்காளி, அவரை தவிர வேறு எதையும் வளர்த்துப் பழக்கமில்லாதவள் நான். இந்த முறை ஆசைப்பட்டு ஆறு ராஸ்பெர்ரிக் கன்று வரவழைத்தேன். தொட்டியோடு, இலையோடு வரும் என்று நினைத்திருந்தேன். பெட்டியைப் பிரித்தால் ஈரத் தாளில் சுற்றிய ஆறு குச்சி, அடியில் கொஞ்சம் வேர், அவ்வளவுதான். ஒரு பிடி மண் கூட இல்லை. பேர் ரூட் என்று போட்டிருந்ததற்கு அர்த்தம் இதுதானாம். நான்தான் சரியாகப் படிக்கவில்லை.

சரி, வந்தது வந்துவிட்டது என்று அன்றைக்கே நட்டேன். ஐந்து வாரம் ஆகிறது. ஒரு மொட்டு கூட இல்லை. நேற்று மூன்று குச்சிகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். இரண்டு உள்ளே பழுப்பாக இருந்தன, ஒன்றில் மட்டும் லேசான பச்சை. பக்கத்தில் மற்ற செடியெல்லாம் துளிர்த்துவிட்டது. இவை செத்துவிட்டனவா? பிடுங்கிப் பார்க்கட்டுமா?

இலைச்சுருள்:

பழுப்பு என்றால் போச்சு. பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

மண்வெட்டி:

பிடுங்கவே பிடுங்காதீர்கள்.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் குச்சி போன வருடத்துத் தண்டு. ராஸ்பெர்ரியில் வேரும் தூரும்தான் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். தண்டுக்கு ஆயுள் இரண்டே வருடம். வெறும் வேரோடு வரும் கன்றில் அந்தக் குச்சி பெரும்பாலும் ஒரு கைப்பிடி மாதிரிதான், எந்த இடத்தில் நட்டோம் என்று காட்ட உதவும். அது பச்சையாக இருந்தால் சந்தோஷம், காய்ந்துபோனாலும் குடி முழுகிவிடாது. புதுத் தண்டு வேரில் இருக்கும் மொட்டிலிருந்து கிளம்பி, மண்ணைத் துளைத்துக்கொண்டு வரும். அதற்கு 4 முதல் 8 வாரம் ஆகும். மண் இன்னும் சில்லென்று இருந்தால் அதற்கு மேலும் இழுக்கும்.

முதல் தடவை நட்டபோது எனக்கும் இதே பதற்றம். ஆறாவது வாரம் பொறுக்க முடியாமல் விரலை விட்டுக் கிளறினேன். முளைகட்டிய பயறு போல வெள்ளையாக ஒரு குருத்து, மண்ணுக்கு வெளியே வர இரண்டு விரற்கடைதான் பாக்கி. தொட்டதும் பட்டென்று ஒடிந்தது. அந்தச் செடி அந்த வருடம் எழவே இல்லை.

சில விவரம் வேண்டும். எவ்வளவு ஆழத்தில் நட்டீர்கள்? ஊறவைத்தீர்களா? அந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது? தண்ணீர் எப்படி? ரகம் என்ன?

கொல்லைப்பக்கம்:

நன்றி ஐயா, கொஞ்சம் மூச்சு வந்தது.

ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் வேரை ஊறவைத்தேன். ஆழம் ஒரு சாண் இருக்கும். தக்காளி நாற்றை ஆழமாக நட்டால் தண்டிலிருந்தும் வேர் விடுமே, அந்தப் பழக்கம். இடமும் தக்காளிப் பாத்திதான், இரண்டு வருடம் தக்காளி போட்ட இடம், நன்றாக மட்கு உரம் போட்டு வைத்திருந்தேன். மேலே வைக்கோல் மூடாக்கு, கணுக்கால் உயரம். தண்ணீர் தினமும் ஊற்றுகிறேன். மூன்று கன்று ஹெரிட்டேஜ், மூன்று துலமீன்.

(இதை எழுதும்போதே தப்பு எங்கெங்கே என்று தெரிகிறது.)

மண்வெட்டி:

பரவாயில்லை, தக்காளிக்கு நல்ல ஆள் நீங்கள். ராஸ்பெர்ரி அதற்கு நேர் எதிர்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இலையே இல்லாத செடி எவ்வளவு குடிக்கும்? விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், இரண்டு கணு ஆழத்தில் ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். செடி வளர்ந்து காய்க்கும்போது வாரத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 லிட்டர் அளவு வேண்டியிருக்கும், இப்போது அதெல்லாம் இல்லை. நீர் தேங்கிய மண்ணில் வேர் மூச்சு முட்டும், அப்புறம் பைட்டாப்தோரா என்ற வேரழுகல் வந்து சேரும். ராஸ்பெர்ரியைக் கொல்வதில் குளிரை விட, பூச்சியை விட, நிற்கும் தண்ணீருக்குத்தான் முதலிடம் என்பேன். களிமண் என்றால் மேட்டுப்பாத்தி தவிர வேறு வழியில்லை.

இரண்டாவது, மூடாக்கை விலக்குங்கள். வைக்கோல் கெட்டது இல்லை, ஆனால் குச்சியைச் சுற்றி ஒரு முழ வட்டத்துக்கு மண் வெயில் படும்படி இருக்கட்டும். மண் சூடானால்தான் மொட்டு விழிக்கும். குருத்தெல்லாம் வந்தபின் நான்கு விரல் கனத்துக்குத் திரும்பப் போடலாம், தண்டை ஒட்டிக் குவிக்காமல்.

மூன்றாவது ஆழம். குச்சியில் பழைய மண் கோடு ஒன்று தெரியும், நிறம் மாறும் இடம். அந்தக் கோடு மண்மட்டத்தில், மிஞ்சினால் அதற்கு ஒரு விரல் கீழே இருந்தால் போதும். வேர்கள் மேலிருந்து 5 முதல் 8 செ.மீ. ஆழத்தில், ஆழக் குழியில் தொங்கவிடாமல், அகலமாக விரித்துப் படுக்கவைத்திருக்க வேண்டும். ஒரு சாண் என்பது அதைப் போல மூன்று மடங்கு. குருத்து அவ்வளவு தூரம் ஏறுவதற்குள் வேரில் இருக்கும் இருப்பு தீர்ந்துபோகும். மேல்மண்ணில் ஒரு நான்கு விரல் அளவு, கையால் மட்டும், மெதுவாக வழித்து எடுங்கள். களைக்கொத்து, கரண்டி எதுவும் வேண்டாம்.

தேனீக்கூட்டம்:

கடைசி விஷயத்தில் மண்வெட்டி ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. கிளறாதே என்று சொல்லிவிட்டு வழிக்கச் சொல்கிறீர்களே! ஐந்து வாரம் ஆகிவிட்டது, குருத்து பாதி வழியில் இருக்கலாம். மணல் கலந்த லேசான மண்ணாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். களியாக இருந்தால் மட்டும் வழிப்பேன்.

மண்வெட்டி:

நியாயம்தான். அக்கா, உங்கள் மண்ணைப் பிடித்து உருண்டையாக்கிப் பாருங்கள். உருண்டை உடையாமல் நின்றால் நான் சொன்னபடி, உதிர்ந்தால் தேனீ சொன்னபடி.

கொல்லைப்பக்கம்:

உருண்டை கல் மாதிரி நிற்கிறது.

நானும்_நட்டேன்:

இடையில் ஒரு கேள்வி. என் கன்றுகள் நாளை வருகின்றன, ஆனால் வார இறுதியில்தான் நட முடியும். அதுவரை தண்ணீரிலேயே போட்டு வைக்கலாமா?

தேனீக்கூட்டம்:

கூடாது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் முழுக வைத்தால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. இரண்டு நாள் ஊறவைத்து ஒரு கட்டு முழுவதையும் அழுகவிட்டவள் சொல்கிறேன். வந்த பெட்டியிலேயே, சுற்றிய தாளை ஈரமாக்கி, குளிர்ச்சியான இருட்டான இடத்தில் வையுங்கள், நான்கைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் தோட்டத்தில் ஒரு சரிவான பள்ளம் தோண்டி, கட்டைச் சாய்த்து வைத்து வேரை மண்ணால் மூடிவிடுங்கள். செடி உறக்கத்தில் இருக்கும்வரை வாரக்கணக்கில் இருக்கும்.

நடும் அன்று ஆறையும் பாத்தியில் பரப்பி வைத்துவிட்டுக் குழி தோண்டப் போகாதீர்கள். வெயிலும் காற்றும் பட்டால் மெல்லிய வேரெல்லாம் கால் மணி நேரத்தில் சருகாகிவிடும். ஈரச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

மண்வெட்டி:

அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்றுக்குக் கன்று 45 முதல் 60 செ.மீ., வரிசைக்கு வரிசை ஆள் நடந்து பறிக்க ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல். நட்டதும் குச்சியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் வெட்டுங்கள். குழிக்குள் ரசாயன உரமோ மட்காத சாணமோ போடக் கூடாது, வேரைச் சுட்டுவிடும். புதுத் தண்டு ஒரு சாண் வளர்ந்தபின் மேலே தூவினால் போதும்.

மண்ணின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.6 முதல் 6.5 வரை என்றால் நிம்மதி. 7-ஐத் தாண்டினால் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைப் பார்த்து உரம் போதவில்லை என்று மேலும் மேலும் கொட்டுபவர்கள் உண்டு.

பச்சைத்துண்டு:

எனக்கு ஒன்று புரியவில்லை. பக்கத்து வீட்டில் ராஸ்பெர்ரி இருந்தால் வரிசைக்கு வெளியே பக்கக்கன்று கன்றாக வந்துகொண்டே இருக்கும், தூக்கிப்போடுவார்கள். அதை வேரோடு எடுத்து நட்டால் முடிந்தது. என்னுடையது அப்படி வந்ததுதான், எட்டு வருடமாகக் காய்க்கிறது. காசு கொடுத்துக் குச்சி வாங்கி இத்தனை கவலை எதற்கு?

மண்வெட்டி:

உங்களுக்கு நல்ல செடி வாய்த்திருக்கிறது. எல்லோருக்கும் வாய்க்காது. ராஸ்பெர்ரிக்கு வைரஸ் பல உண்டு, சிலவற்றை அசுவினி கொண்டுவரும், சில மண்ணில் இருக்கும் நூற்புழு வழியாக வரும், ஒன்று மகரந்தத்தின் வழியாகவே பரவும். பிடித்த செடி வருடக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் பச்சைப்பசேல் என்று நிற்கும், விளைச்சல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வைரஸுக்கு மருந்து கிடையாது, பிடுங்கி அழிப்பதுதான். சான்று பெற்ற நோயற்ற கன்று என்று விற்பதற்குத் தருகிற காசு இதற்குத்தான். வேர் கழுவி வருவதால் அடுத்தவர் மண்ணும் அதில் இருக்கும் அழுகலும் பெரும்பாலும் கூட வராது என்பது இன்னொரு லாபம்.

பச்சைத்துண்டு:

சரி. ஆனால் இப்போது கேட்கிறேன், பறிக்கும்போது பழம் கையிலேயே உதிர்ந்து மணி மணியாகப் போகிறது என்றால் அதுவும் வைரஸா? போன வருடம் எனக்கு அப்படி நடந்தது.

தேனீக்கூட்டம்:

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ராஸ்பெர்ரி ஒற்றைப் பழம் இல்லை, நூறு சின்னப் பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கிற ஒரு தொப்பி. ஒவ்வொரு மணியும் பூவிலிருக்கும் ஒரு சூலகத்திலிருந்து வருவது. தேனீ எல்லாவற்றுக்கும் மகரந்தம் சேர்த்தால்தான் எல்லா மணியும் பருத்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பாதி மட்டும் சூல் பிடித்தால் தொப்பியில் ஓட்டை, தொட்டால் உதிரும். (பறித்ததும் உள்ளே குழியாக இருப்பதும் அதனால்தான், நடுக்காம்பு செடியிலேயே நின்றுவிடும். பிளாக்பெர்ரியில் காம்பு பழத்தோடு வந்துவிடும்.)

பூக்கும் வாரத்தில் மழை கொட்டியதா? அந்தக் கொத்து மட்டும் உதிர்ந்ததா? அப்படியென்றால் தேனீ வரவில்லை, அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரே செடி வருடா வருடம் உதிர்கிறது என்றால்தான் சந்தேகப்படுவேன்.

பச்சைத்துண்டு:

மழைதான். ஆனால் ஓரத்துச் செடி அதற்கு முந்தின வருடமும் அப்படி. ம்ம்.

மண்வெட்டி:

ஓரத்துச் செடியை எடுத்துவிடுங்கள் நண்பரே.

சும்மா_பார்ப்பவன்:

நாங்கள் இருக்கும் இடத்தில் குளிர்காலம் என்று ஒன்றே கிடையாது. வெறும் வேர்க் கன்று வாங்கி நட்டால் வருமா?

மண்வெட்டி:

செடி வரும், பழம் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் காய்க்கும் ரகங்களுக்கு 0 முதல் 7 டிகிரிக்குள் 800 மணி நேரத்துக்கு மேல் குளிர் வேண்டும். சிலவற்றுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. அது கிடைக்காவிட்டால் மொட்டு சரியாக விழிக்காது. புதுத் தண்டிலேயே காய்க்கும் ரகங்கள் குறைந்த குளிரில் சமாளிக்கும், ஆனால் 30 டிகிரிக்கு மேல் நீடித்த வெயிலில் பழம் வெளுத்து வெந்துபோகும். சூட்டைத் தாங்கும் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார், ரூபஸ் நிவியஸ், கறுப்புப் பழம். ஆனால் அது கலாபகோஸ் தீவுகளில் காட்டையே மூடும் களையாக மாறியிருக்கிறது. நடுமுன் யோசியுங்கள்.

கொல்லைப்பக்கம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். கணக்கு இதுதான்.

நான்கு வந்துவிட்டன! ஆனால் வந்த இடம்தான் வேடிக்கை. குச்சியின் அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு சாண் தள்ளி, நான் தினமும் காலை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சிவந்த மூக்கு மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஐந்தாவதை மண் வழிக்கும்போது ஒடித்துவிட்டேன். தேனீ அக்கா, மன்னிக்கவும், நீங்கள் சொன்னது அதற்குப் பொருந்தியது. ஆறாவது வரவே இல்லை, எடுத்துப் பார்த்தேன், வேர் கறுத்து வழவழவென்று கையோடு உரிந்தது.

துலமீன் ஒன்றில் மட்டும் பழைய குச்சியிலும் இலை வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்ளலாமா?

தேனீக்கூட்டம்:

ஒடிந்ததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வேரில் மொட்டு ஒன்றுதான் இருக்கும் என்றில்லை. மண்ணை மூடிவிட்டுக் காத்திருங்கள். கறுத்துப்போன குழியில் மட்டும் இப்போது எதையும் நட வேண்டாம்.

மண்வெட்டி:

பழைய குச்சியில் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள். முதல் வருடம் வேருக்குத்தான் சம்பாத்தியம். புதுத் தண்டு முழங்கால் உயரம் வந்ததும் குச்சியைத் தரையோடு வெட்டிவிடலாம்.

இப்போது முக்கியமான விஷயம். எந்த மூன்று ஹெரிட்டேஜ், எந்த மூன்று துலமீன் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறீர்களா?

கொல்லைப்பக்கம்:

கலந்து நட்டேன். ஒன்றுவிட்டு ஒன்று. பார்க்க அழகாக இருக்கும் என்று...

மண்வெட்டி:

ஐயோ.

சரி, விளக்கிவிடுகிறேன், ராஸ்பெர்ரியில் பாதிப் பேர் தோற்பது இங்கேதான். துலமீன் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உருவாகி 1989-இல் வெளிவந்த ரகம். இந்த வருடம் முளைத்த தண்டு இந்த வருடம் வெறும் இலைதான் விடும். குளிர்காலம் கழித்து, அடுத்த கோடையில் அதே தண்டு பூத்துக் காய்த்துச் செத்துப்போகும். அதனால் அறுவடை முடிந்ததும் காய்த்த தண்டுகளைத் தரையோடு வெட்டிவிட்டு, அந்த வருடம் முளைத்தவற்றில் நல்லதாக மீட்டருக்குப் பத்துத் தண்டு வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட வேண்டும்.

ஹெரிட்டேஜ் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆய்வு நிலையத்திலிருந்து 1969-இல் வந்தது. முளைத்த வருடமே, இலையுதிர் காலத்தில், தண்டின் நுனியில் காய்க்கும். இதற்குக் கவாத்து எளிது. குளிர்காலக் கடைசியில் வரிசை மொத்தத்தையும் தரைமட்டத்துக்கு வெட்டித் தள்ளலாம். யோசனையே வேண்டாம்.

இப்போது உங்கள் வரிசையில் இரண்டும் கலந்து, பக்கக்கன்றும் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் என்ன ஆகும்? ஹெரிட்டேஜ் என்று நினைத்துத் துலமீனை மொட்டையடித்தால் அடுத்த வருடம் ஒரு பழம் கிடையாது. ‘என் ராஸ்பெர்ரி இலை மட்டும் விடுகிறது, காய்க்கவே மாட்டேன் என்கிறது’ என்று கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் காய்க்க வேண்டிய தண்டைத் தாங்களே கத்தரிக்கோலால் வெட்டியிருப்பார்கள்.

நானும்_நட்டேன்:

நான் இரண்டு வருடமாகப் பழைய தோட்டத்தில் செய்துகொண்டிருந்தது இதுதான்! வருடா வருடம் சுத்தமாக வெட்டினேன்.

மண்வெட்டி:

பார்த்தீர்களா.

கொல்லைப்பக்கம்:

அப்படியென்றால் குளிர்காலத்தில், செடி தூங்கும்போது, ஒரு ரகத்தைத் தோண்டி வேறு இடத்துக்கு மாற்றினால்?

தேனீக்கூட்டம்:

தாராளமாக. அப்போது அதுவும் வெறும் வேர்க் கன்றுதான். தக்காளிப் பாத்தியிலிருந்து வெளியே கொண்டுபோனால் இன்னும் நல்லது. தக்காளி, கத்தரி, உருளை, மிளகாய் போட்ட மண்ணில் வெர்ட்டிசிலியம் வாடல் பூஞ்சை தங்கியிருக்கலாம், அது ராஸ்பெர்ரியையும் பிடிக்கும். நான்கு வருடமாவது இடைவெளி விடச் சொல்வார்கள். எந்தத் தண்டு என்று குழப்பம் வராமலிருக்க, இலையுதிர் காலத்தில் நுனியில் பூ வந்த தண்டில் ஒரு துணி முடிச்சுப் போட்டு வையுங்கள். அது ஹெரிட்டேஜ்.

புது இடத்தில் நடும்போதே கம்பமும் கட்டிவிடுங்கள். இடுப்பு உயரத்தில் ஒரு கம்பி, தலை உயரத்துக்குச் சற்றுக் கீழே ஒன்று. துலமீன் இரண்டு மீட்டர் வளரும், காய்த்ததும் காற்றில் சாயும். பின்னால் கம்பம் அடிக்கப்போனால் வேர் அறும், வேர் பெரும்பாலும் மேல் ஒரு அடியில்தான் இருக்கும். களையைக்கூடக் கையால் பிடுங்குங்கள்.

நிழல்மரம்:

தொட்டியில் முடியுமா?

மண்வெட்டி:

40 லிட்டருக்குக் குறையாத தொட்டி, ஹெரிட்டேஜ் மாதிரி ரகம், அடியில் நல்ல ஓட்டை. கோடையில் தண்ணீரை மறந்தால் கோவிந்தா. மற்றபடி முடியும்.

கொல்லைப்பக்கம்:

இழையைப் பாதியில் விட்டுப் போனதற்கு மன்னிக்கவும். இலை உதிரத் தொடங்கிவிட்டது. ஒடிந்த செடியும் அதன் பிறகு வேறு பக்கமாக வந்துவிட்டது, ஆக ஐந்து. அதில் மூன்று ஹெரிட்டேஜ் என்று முடிச்சுப் போட்டாயிற்று. மொத்தம் பதினோரு பழம். இரண்டு பூசணம் பிடித்தது, ஒன்றில் குட்டிப் புழு. மீதி எட்டு.

ஒரு சந்தேகம். ஒரு நாள் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும்போதே பறித்து வைத்தேன், பழுக்கவே இல்லை.

தேனீக்கூட்டம்:

செடியை விட்டு வந்தபின் இனிக்காது. லேசாக இழுத்தால் தொப்பி தானாகக் கழன்று வர வேண்டும், அதுதான் பதம். இழுத்தும் வரவில்லை என்றால் நாளைக்கு. புழு புள்ளி இறக்கை ஈயின் வேலையாக இருக்கலாம். அது கனியும் பழத்தைக் கீறி உள்ளே முட்டையிடும். இரண்டு நாளைக்கு ஒரு முறை பழுத்ததையெல்லாம் பறித்துவிடுங்கள், கீழே விழுந்ததையும் பொறுக்கிக் கட்டிப் போடுங்கள்.

கொல்லைப்பக்கம்:

சரி. இன்னொன்று, நடைபாதையின் நடுவில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே ஒன்று முளைத்திருக்கிறது. செடியிலிருந்து ஒன்றரை மீட்டர் தூரம். அது எப்படி அங்கே போனது?

மண்வெட்டி:

வேர் நடந்து போயிருக்கிறது. இனி ஒவ்வொரு வருடமும் போகும். வேரோடு சேர்த்து வெட்டி எடுத்து, அதிலும் முடிச்சுப் போட்டு வையுங்கள், எந்த ரகம் என்று தெரியாமல் நட்டுவிடாதீர்கள்.

இலைச்சுருள்:

அப்போ பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லையா?

கொல்லைப்பக்கம்:

நான் ஆழமாக நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றிக் கொன்றதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆறாவதுக்குப் பதில் ஒரு துலமீன் புதிதாகச் சொல்லியிருக்கிறேன். பெயர்ப்பலகையும் எழுதி வைத்துவிட்டேன்.